ஏழு டியூப், ஒரே ரத்தம்

லேபுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஊசி குத்தச் சொல்லித்தர நான் வரவில்லை. என்னைவிட நன்றாகவே குத்துகிறீர்கள். போன வாரம் என் கையிலேயே பார்த்தேன், குத்தியதே தெரியவில்லை. மெஷினைப் பற்றியும் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. என் காலத்து மெஷின் பாதி வேலையைச் செய்யும், மீதியை என் கையில் விட்டுவிடும். உங்கள் மெஷின் எல்லாவற்றையும் செய்துவிட்டு, ரிப்போர்ட்டை நோயாளியின் போனுக்கும் அனுப்பிவிடுகிறது. நல்லதுதான். குறை சொல்ல வந்த கிழவன் என்று நினைத்துவிடாதீர்கள். கொஞ்சம் குறையும் சொல்வேன், ஆனால் கடைசியில்.

முப்பத்தோரு வருஷம் அடுத்தவர் ரத்தத்தோடு குடித்தனம் நடத்தினேன். பேய் பிசாசு எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. இன்றும் கிடையாது. ஆனால் ஒரு ஆடி மாதம் மட்டும், பட்டப்பகலில், லேபில் தனியாக உட்கார்ந்திருக்கப் பயந்தேன். அதைத்தான் சொல்லப்போகிறேன்.

செல்போன் எல்லார் கைக்கும் வந்து சேராத காலம். சிவகாசியில் ஒரு டாக்டரம்மாவின் கிளினிக்குக்குப் பின்னால், ஒரே அறையில் எங்கள் லேப். டாக்டரம்மா மதுரையில் படித்துவிட்டுப் புதிதாக வந்தவர். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். அதனால் அவர் சொல்வதையெல்லாம் ஒரு காதில் வாங்கி மற்றொரு காதில் விடும் திமிர் எனக்கு அப்போது இருந்தது.

ஆனைக்குட்டம் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனி. தீபாவளி சீசன் சூடு பிடிப்பதற்கு முன்னால் அங்கே எல்லாத் தொழிலாளர்களுக்கும் ரத்தப் பரிசோதனை செய்து, போட்டோவும் ரத்த குரூப்பும் போட்ட ஒரு கார்டு கொடுப்பார்கள். விபத்து நடந்தால் யாருக்கு எந்த ரத்தம் என்று தெரிய வேண்டுமல்லவா. கார்டு இல்லாதவனுக்கு சீசனில் கேட் திறக்காது. சீசன் போனால் வருஷம் போன மாதிரி. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கதையே இதில்தான் இருக்கிறது.

அந்தக் கம்பெனியில் முதலுதவி அறை ஒன்று இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டவரை எல்லாரும் கம்பவுண்டர் என்பார்கள், நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். ஐம்பது வயது இருக்கும். எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை, பொத்தான்கூடப் போட்டிருக்கும். அவரே ரத்தம் எடுத்து, டியூபில் பேர் ஒட்டி, ஐஸ் பெட்டியில் வைத்து வேனில் அனுப்பிவிடுவார். நான் நேரில் போய் எடுக்க வேண்டும் என்பதுதான் முறை. வெயிலில் ஒரு நடை மிச்சம் என்று நானும் சரி என்றேன். என் முதல் தப்பு அது.

அந்த வருஷம் டாக்டரம்மா புதிதாக ஒரு டெஸ்டைச் சேர்த்தார். கிளினிக்குக்கு வருகிற தொழிலாளர்களில் நிறையப் பேர் கால் வலி, கால் வலி என்கிறார்களே, யூரிக் ஆசிடையும் பார்த்துவிடுங்கள் என்றார். வேண்டாத வேலை என்று முணுமுணுத்துக்கொண்டே சேர்த்தேன்.

ஆடி கடைசி வெள்ளி கழிந்த சனிக்கிழமை பெட்டி வந்தது. அறுபது டியூப். காலையிலிருந்து மெஷினில் ஓட்டினேன். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து எழுதியதைத் திருப்பிப் பார்த்தபோது, நடுவில் ஒரு பேருக்கு யூரிக் ஆசிட் 11.2 என்று இருந்தது. ஆம்பளைக்கு ஏழு வரை இருக்கலாம் என்போம். பதினொன்று என்பது அதிகம். இரண்டு பேர் தள்ளி இன்னொருவனுக்கும் 11.2. அதற்கடுத்து 11.1. மறுபடியும் 11.2. மொத்தம் ஏழு பேர்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அந்த ஏழு பேருக்கும் கொழுப்பும் ஒரே எண், கிட்னியைக் காட்டும் கிரியேட்டினினும் ஒரே எண், கொஞ்சம் கூடுதலாக. குரூப் எழுதிய நோட்டை எடுத்துப் பார்த்தேன். ஏழு பேரும் ஏபி நெகட்டிவ். அந்தக் குரூப்பை வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்தாலே வெளியே போய் நாலு பேரிடம் சொல்வோம். ஒரே கம்பெனியில், ஒரே நாளில், ஏழு பேர். வேறு வேறு ஊர், வேறு வேறு வயது, இருபத்திரண்டிலிருந்து நாற்பத்தாறு வரை.

நம் தொழிலில் இருப்பவன் முதலில் மெஷினைச் சந்தேகப்படுவான். பிறகு சோதனைக்கு ஊற்றும் ரீஏஜென்ட், பிறகு தண்ணீர், கடைசியில் தன் கையை. நானும் அந்த வரிசையில்தான் போனேன். மூன்று தடவை திரும்ப ஓட்டினேன். மூன்று தடவையும் அதே எண்கள். ஏழு டியூபையும் தனியாக ஒரு ஸ்டாண்டில் நிறுத்தி வைத்துப் பார்த்தேன். மேலே நின்ற சீரம் ஏழிலும் ஒரே மஞ்சள், லேசான கலங்கல்கூட ஒரே அளவு. ஃபேன் சுற்றும் சத்தத்தைத் தவிர அறையில் ஒன்றுமில்லை. யாரோ ஓர் ஆள் எனக்கு எதிரே உட்கார்ந்து, ஏழு வேறு வேறு பேரைச் சொல்லி என்னை ஏமாற்றிக்கொண்டிருக்கிறான் என்று தோன்றியது. எழுந்து போய்க் கதவைத் திறந்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

இனி சொல்வது வெட்கமான விஷயம். இதை எழுதாமல் விட்டால் மற்றதை எழுதுவதில் அர்த்தமில்லை. இந்த ரிப்போர்ட்டை இப்படியே கொடுத்தால் எனக்கு வேலை தெரியாது என்றுதான் சொல்வார்கள் என்று பயந்தேன். பேனாவை எடுத்து, முதல் ஆளுக்கு 6.4 என்று எழுதினேன். இரண்டாவது ஆளுக்கு 5.8. கை நடுங்கவேயில்லை. மூன்றாவதை எழுதும்போது டாக்டரம்மா உள்ளே வந்தார். தாளைக் கசக்கி மேஜைக்கு அடியில் போட்டேன். நான் நல்லவன் என்பதால் கசக்கவில்லை. அவர் வந்துவிட்டார் என்பதால் கசக்கினேன். அவர் இரண்டு நிமிஷம் தாமதமாக வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை, ஓர் ஆளும் இல்லை.

டாக்டரம்மா ஏழு எண்களையும் பார்த்தார். மெஷினைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"இது ஏழு பேர் இல்ல சார். ஒரே ஆள்" என்றார். "யாரோ ஒருத்தர் ஏழு பேருக்காகவும் ரத்தம் கொடுத்திருக்கார்."

எனக்கு உயிர் வந்தது. "அப்போ மெஷின் மேல தப்பில்ல. ஏழையும் கேன்சல் பண்ணிருவோம் டாக்டர்."

"கேன்சல் பண்ணிடலாம். அந்த ஆளை என்ன பண்றது?"

யூரிக் ஆசிட்தானே, கட்டை விரல் வீங்கும், மாத்திரை போட்டால் வற்றும் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, பொறுமைதான் இருந்தது. கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"மூட்டோட நிக்கும்னு நினைக்காதீங்க சார். இது இப்படிக் கூடிக் கிடக்கிற ஆள்களுக்கு இதய நோயும் கூடுதலா வருது. இதுதான் காரணமா, இல்ல சும்மா கூடவே வருதான்னு பெரியவங்களுக்குள்ளேயே இன்னும் சண்டை. எனக்கும் தெரியாது. ஆனா ஒரு வீட்டு வாசல்ல செருப்பு கிடந்தா உள்ள யாரோ இருக்காங்கன்னுதானே அர்த்தம். இவருக்குக் கொழுப்பும் மோசம், கிட்னியும் லேசா இழுக்குது. ஒரு ஈசிஜியாவது எடுத்துப் பார்க்கணும்."

திங்கட்கிழமை அந்த ஏழு பேரையும் வரவழைத்தோம். ஏழில் நாலு பேருக்குப் புது மொட்டை, சந்தன மஞ்சள்கூடப் போகவில்லை. நானே ரத்தம் எடுத்தேன், நானே ஓட்டினேன். ஏழும் ஏழு மாதிரி. யூரிக் ஆசிட் ஒருவனுக்கும் ஏழைத் தாண்டவில்லை. ஏபி நெகட்டிவ் ஒருவனும் இல்லை.

மொட்டையைப் பார்த்தபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். டாக்டரம்மா கேட்டதும் ஒருவன் சொல்லிவிட்டான்.

"ஆடி கடைசி வெள்ளிக்கு வருஷா வருஷம் இருக்கன்குடிக்கு நடந்து போவோம்மா. ஆத்தாளுக்கு நேர்ந்துக்கிட்டது, நிறுத்த முடியாது. அன்னைக்கித்தான் ரத்தம் எடுக்காகன்னு தெரியாது. கார்டு போயிருமேன்னு நின்னோம். கம்பவுண்டர் அண்ணாச்சிதான், நீங்க போங்கலே, ஆத்தாளைக் கும்பிட்டு வாங்க, நான் பாத்துக்கிடுதேன்னாக."

டாக்டரம்மா கம்பெனிக்குப் போன் போட்டார். கம்பவுண்டர் முதலில் இல்லை என்றார். பிறகு ஒத்துக்கொண்டார். "லாரியோட ஒரு லோடுமேன் வந்தாம்மா. நல்ல ஒடம்புக்காரன். கேட்டேன், கையை நீட்டுனான். பெரிய சிரிஞ்சுல ஒரே தடவையா எடுத்து ஊத்திட்டேன். பேரு கேக்கலம்மா. தப்புத்தேன்."

அவருடைய தப்பை யாரிடமும் சொல்லப் போவதில்லை, அந்த லோடுமேனைக் கண்டுபிடித்துக் கொடுத்தால் போதும் என்றார் டாக்டரம்மா. அந்த வேலை என் தலையில் விழுந்தது.

உங்களில் எத்தனை பேர் பட்டாசு கம்பெனிக்குள் போயிருப்பீர்கள் என்று தெரியாது. வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் அங்கே ஒரே சத்தமாக இருக்கும் என்று நினைப்பார்கள். அங்கே சத்தமே கிடையாது. கரிசல் காட்டில் ஒன்றுக்கொன்று எட்டத்தில் சின்னச் சின்ன அறைகள். ஒவ்வொன்றுக்கும் நாலு பக்கமும் வாசல். வாசலில் செருப்பு கிடக்கும், உள்ளே யாரும் செருப்போடு போகக்கூடாது. இரும்பு கூடாது. ஓடக்கூடாது. பேசுவதே மெதுவாகத்தான். அலுமினியப் பவுடர் அறையில் வேலை செய்கிறவர்கள் தலை முதல் கால் வரை வெள்ளியாக இருப்பார்கள். முகம் தெரியாது. கண்ணும் பல்லும் மட்டும் தெரியும்.

நான் போனது உச்சிவெயிலில். முதலுதவி அறை வாசலில் ஒரு ஜோடி செருப்பு கிடந்தது. வலது செருப்பில் கட்டை விரல் பக்கத்து வாரைப் பிளேடால் அறுத்து விட்டிருந்தது. வீங்கின விரலுக்கு இடம் விட்ட மாதிரி. உள்ளே எட்டிப் பார்த்தேன். ஒரு கட்டில், ஒரு மேஜை, சுவரில் ஒரு காலண்டர். ஆள் இல்லை.

பின்னால் கம்பவுண்டர் நின்றுகொண்டிருந்தார். வந்த சத்தமே கேட்கவில்லை. வெறுங்கால்.

"வாங்க சார். சாப்பிட்டீகளா?"

"இது யார் செருப்பு கம்பவுண்டரே?"

செருப்பை ஒரு நொடி பார்த்தார். "யாரோ விட்டுட்டுப் போயிட்டான் சார். நாலு நாளா இங்கனயே கிடக்கு."

"அந்த ஆளோடதா இருக்குமோ?"

"இருக்கும் சார். இருக்கலாம்" என்றார்.

இரண்டு பேரும் ஆளைத் தேடிக் கிளம்பினோம். லோடு ஏற்றும் இடம் கடைசியில் இருந்தது, நடக்க வேண்டும். தரை அடுப்பில் வைத்த கல்லாகச் சுட்டது. எனக்குச் செருப்பு இருந்தும் சூடு ஏறியது. கம்பவுண்டர் வெறுங்காலோடு, வலது காலை ஓரத்தால் ஊன்றி ஊன்றி வந்தார். முள் குத்திவிட்டதா என்று கேட்டேன். ஆமாம் என்றார். வழியில் ஓர் இடத்தில் அறை இல்லை, தரை மட்டும் இருந்தது. நாலு வாசல் இருந்த இடத்தில் நாலு படிகள். போன வருஷமோ அதற்கு முந்தின வருஷமோ நடந்த வெடிவிபத்து. அந்தப் படிகளில் ஒன்றின் பக்கத்தில் யாரோ ஒரு செம்பருத்தி வைத்திருந்தார்கள். கம்பவுண்டர் அதைச் சுற்றிக்கொண்டு போனார். நானும் சுற்றிக்கொண்டு போனேன்.

பவுடர் அறையிலிருந்து ஐந்து பேர் வெளியே வந்து வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். ஐந்தும் வெள்ளி முகம். லோடுமேனைப் பற்றிக் கேட்டேன். ஐந்து பேரும் என்னைப் பார்க்கவில்லை. கம்பவுண்டரைப் பார்த்தார்கள். பிறகு ஐந்து பேரும் சேர்ந்தாற்போல் தலையை ஆட்டி, தெரியாது என்றார்கள். இங்கே எல்லாருக்கும் தெரிந்த ஒன்று எனக்கு மட்டும் தெரியவில்லை என்பது தெரிந்தது. அந்த ஆள் எங்கோ மிகப் பக்கத்தில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று உறுதியாக நம்பினேன். திரும்பித் திரும்பிப் பார்த்தேன். கம்பவுண்டரைத் தவிர யாரும் இல்லை.

லோடு இடத்திலும் அப்படி ஒருவனை யாருக்கும் தெரியவில்லை. திரும்பி வரும்போது எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியிருந்தது. வெயில், பசி, இல்லாத ஆளைத் தேடும் வேலை.

"அந்த ஆளுக்கு என்ன சார் சீக்கு?" என்று கம்பவுண்டர் கேட்டார்.

"ரத்தத்துல யூரிக் ஆசிட் கூடிக் கிடக்கு."

"அது கால் வலிதான சார்?"

"கால் வலியோட போனா நான் ஏன் இந்த வெயில்ல அலையுறேன்? இருதயத்துல கோளாறு இருக்கும்னு டாக்டரம்மா சொல்றாங்க."

அவர் காலை ஊன்றுவது இன்னும் மெதுவாகியிருந்தது.

"மாடிப்படி ஏறுனா மூச்சு வாங்குமா சார், அந்த ஆளுக்கு?"

"வாங்கும்."

"இந்த இடது பக்கம் கனமா, கல்லத் தூக்கி வச்ச மாதிரி…"

"இருக்கலாம்யா. எனக்கென்ன தெரியும்?"

"ஆள் கெடைக்கலன்னா என்ன சார் ஆகும் அவனுக்கு?"

நான் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னேன். "என்ன ஆகும்? நெஞ்சடைச்சுச் சாவான்."

அவர் கேட் வரை வந்து வழியனுப்பினார். வண்டியைக் கிளப்பும்போது, "தண்ணி குடிச்சிட்டுப் போங்க சார், முகம் வாடிப் போச்சு" என்றார்.

இதைப் படிக்கிற உங்களுக்கு இதற்குள் எல்லாம் புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை. ஏன் புரியவில்லை என்று பல வருஷம் யோசித்திருக்கிறேன். ரத்தம் எடுக்கிறவனுக்கும் உடம்பில் ரத்தம் ஓடும் என்பது நம் தொழிலில் யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை. வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

அந்த ஏழு டியூபையும் நான் தூக்கிப் போடவில்லை. போட வேண்டும், நாள் தாண்டிவிட்டது. ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு மூலையில் வைத்திருந்தேன். தூக்கிப் போட்டால் அந்த ஆளையே தூக்கிப் போட்டதாகிவிடும் என்று ஒரு நினைப்பு. ஒவ்வொரு நாளும் ஃப்ரிட்ஜைத் திறக்கும்போது அதைப் பார்க்காமல் மற்றதை எடுப்பேன். இன்று இருக்கிறானா, இல்லையா என்று மனசுக்குள் கேட்டுக்கொள்வேன். மத்தியானம் டாக்டரம்மா சாப்பிடப் போனதும் நானும் வெளியே வந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொள்வேன். லேபில் தனியாக இருக்க முடியவில்லை.

மூன்று வாரம் கழித்து இரண்டாவது பேட்ச் பெட்டி வந்தது. இந்தத் தடவை நேரில் போய் எடுப்பேன் என்று சொல்லியிருந்தேன். அதற்குள் கம்பெனி அவசரப்பட்டு அனுப்பிவிட்டது. ஆனால் ஒன்று மட்டும் கற்றுக்கொண்டிருந்தேன். மெஷினைத் தொடுவதற்கு முன்னால் பட்டியலையும் டியூபையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். பட்டியலில் நாற்பத்திரண்டு பேர். பெட்டியில் நாற்பத்து மூன்று டியூப்.

கடைசி டியூபை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மற்ற டியூபுகளில் இருந்த அதே கையெழுத்து. "பா. குருசாமி, வயது 51." பட்டியலில் அப்படி ஒரு பேரே இல்லை. பேருக்குக் கீழே, நாம் யாரும் எதுவும் எழுதாத இடத்தில், பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது.

"ரிசல்ட்டை நேரில் சொல்லவும்."

வேன் டிரைவர் பெட்டிக்குக் கையெழுத்து வாங்க நின்றுகொண்டிருந்தான். "யாருப்பா குருசாமி?" என்று கேட்டேன்.

"நம்ம கம்பவுண்டர் அண்ணாச்சிதான் சார்" என்று சிரித்தான். "இத்தன வருஷமாப் பழகுதீக, அவுக பேரு தெரியாதா?"

தெரியாது. எனக்குத் தெரியாது. கையிலிருந்த டியூப் லேசாகச் சூடாக இருப்பது போல இருந்தது. ஐஸ் பெட்டியிலிருந்து வந்த டியூப் சூடாக இருக்காது, அது எனக்கும் தெரியும். அறுத்த செருப்பு, வெயிலிலும் முழுக்கைச் சட்டை, சுடுகிற தரையில் அவர் வெறுங்காலோடு என் கூடவே வந்தது, மரத்தடியில் ஐந்து பேரும் அவரையே பார்த்தது, எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்து நின்றன. செருப்பு தன்னுடையது என்று தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக, அந்தக் காலோடு, அவ்வளவு தூரம் நடந்திருக்கிறார். நான் திரும்பிப் பார்க்காமல் சொன்ன வார்த்தையும் வந்து நின்றது.

டியூபை ஓட்டவில்லை. கையில் பிடித்தபடியே டாக்டரம்மாவிடம் ஓடினேன். அவர் வெளியே காத்திருந்த நோயாளிகளிடம் ஒரு மணி நேரம் பொறுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஈசிஜி மெஷினைத் தூக்கிக் காரில் வைத்தார். போகும் வழியெல்லாம் இருக்கிறாரா, இருக்கிறாரா என்று மட்டும் மனசு அடித்துக்கொண்டது.

முதலுதவி அறை வாசலில் அந்த அறுத்த செருப்பு கிடந்தது. உள்ளே சத்தமில்லை. வாசலில் நின்றுவிட்டேன். டாக்டரம்மா என்னைத் தாண்டிக்கொண்டு போனார்.

கம்பவுண்டர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சட்டையெல்லாம் நனைந்திருந்தது. முகம் பவுடர் அறைக்காரர்கள் முகம் போல வெளுத்துச் சாம்பலாக இருந்தது. பவுடர் இல்லை, வேர்வை.

"ரிசல்ட் பாத்துட்டீகளா சார்?"

"இன்னும் பாக்கல."

"பாக்காமலேயா வந்துட்டீக?"

"ஏழு தடவை பாத்துட்டேன் கம்பவுண்டரே" என்றேன்.

டாக்டரம்மா அவருடைய முழுக்கையை மடித்துவிட்டார். இடது முழங்கைக்கு உட்பக்கம் ஊதாக் கறைகளும் பழைய ஊசித் தழும்புகளும், ஒன்றின் மேல் ஒன்றாக. பல்லால் ரப்பரைக் கடித்து இழுத்துக் கட்டி, ஒற்றைக் கையால் தனக்குத் தானே குத்திக்கொண்ட இடம். வருஷா வருஷம் ஒருவர் இருவருக்கு என்று செய்திருக்கிறார், அபூர்வ குரூப் என்று நாலு பேரிடம் சொன்னதோடு நானும் விட்டிருக்கிறேன். வராதவன், பயந்தவன், சாமிக்கு நடந்து போனவன் எல்லாருக்கும். ஒருத்தனுக்கும் சீசன் போகக் கூடாது என்று. சொன்னால் வேலை போய்விடும் என்று சொல்லாமலும் இருந்திருக்கிறார். தப்புத்தான், பெரிய தப்பு. முந்தைய வருஷங்களில் எத்தனை பேர் கழுத்துக் கார்டில் அவருடைய குரூப் தொங்கியதோ, அதை நினைத்தால் இன்றும் எனக்கு ஈரக்குலை நடுங்கும். ஆனால் அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

ஈசிஜி தாள் வெளியே வந்தது. டாக்டரம்மா அதைப் படித்துவிட்டு, நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரை வைத்தார். "இப்பவே மதுரைக்குப் போறோம்" என்றார்.

காரில் பின்சீட்டில் அவர் தலை என் தோளில் இருந்தது. விருதுநகர் தாண்டும்போது கண்ணைத் திறந்தார்.

"சார், அந்த ஆள் செத்துருவானா?"

அன்று திரும்பிப் பார்க்காமல் பதில் சொன்னவன் நான். இன்று அவர் முகம் ஒரு சாண் தூரத்தில் இருந்தது. என்ன சொல்வது என்று எந்த டெக்னீஷியன் படிப்பிலும் சொல்லித் தரவில்லை.

"எனக்குத் தெரியாது அண்ணாச்சி. ஆனா நான் கூடவே இருக்கேன்" என்றேன்.

பிழைத்துக்கொண்டார். மதுரையில் அடைப்பை எடுத்துவிட்டார்கள். டாக்டரம்மா கம்பெனிக்காரர்களிடம் போய் என்ன பேசினாரோ, வேலை போகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அங்கே ரத்தம் எடுப்பது நான்தான், ஒவ்வொருவரையும் முகம் பார்த்து, பேர் கேட்டு. கார்டுகளையெல்லாம் திரும்ப அடித்தார்கள். அந்த ஏழு டியூபையும் அன்றைக்குத்தான் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துப் போட்டேன்.

அதன் பிறகு ஏழு வருஷம், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை லேபுக்கு வருவார். என்னைத் தவிர யாரையும் குத்த விடமாட்டார். ஊசி உள்ளே போகும்போது என் முகத்தைப் பார்த்து ஒன்று கேட்பார்.

"அந்த ஆள் எப்படி சார் இருக்கான்?"

"இருக்கான் அண்ணாச்சி. நல்லா இருக்கான்" என்பேன். இரண்டு பேரும் சிரிப்போம். அன்று ‘சாவான்’ என்று சொன்ன அந்த வார்த்தைக்காக நான் அவரிடம் மன்னிப்பே கேட்கவில்லை. ஒவ்வொரு தடவையும் கேட்க நினைப்பேன், அதற்குள் பஞ்சை அழுத்திக்கொண்டு கிளம்பிவிடுவார்.

யூரிக் ஆசிட் ஆறுக்கு இறங்கியது. அப்படியே நின்றது. அப்படியும் ஒரு மாசி மாதம், மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. எண் சரியாக இருந்தால் ஆள் தப்பிவிடுவான் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். எண்ணை அலட்சியம் செய்தாலும் ஆள் போய்விடுவான். இரண்டுக்கும் நடுவில்தான் நம் பிழைப்பு. டாக்டரம்மாவிடம், யூரிக் ஆசிட்தான் காரணமா என்ற பெரியவர்களின் அந்தச் சண்டை முடிந்துவிட்டதா என்று பிறகொரு நாள் கேட்டேன். இன்னும் இல்லை என்றார்.

இனி அந்தக் குறை. போன வாரம் உங்கள் லேபுக்கு வந்தேன் என்றேன் அல்லவா. எனக்கும் இப்போது வலது கட்டை விரல் வீங்குகிறது. செருப்பின் வாரை அறுத்துவிட்டுத்தான் வந்தேன். உங்களில் ஒரு பெண், கெட்டிக்காரப் பெண், கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே என் பேரை அடித்தாள், கையைப் பிடித்தாள், குத்தினாள். வலிக்கவேயில்லை. ரிசல்ட் சாயங்காலம் போனுக்கு வந்துவிடும் என்றாள்.

ஊசி உள்ளே இருக்கும்போது என் வாய் சும்மா இருக்கவில்லை. "அந்த ஆள் எப்படிம்மா இருக்கான்?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் டியூபில் ஸ்டிக்கரை ஒட்டினாள். நிமிராமலே கேட்டாள்.

"யாரு சார்?"